கப்பல் கொடுத்த கிண்ணம்

காம்பாரில் காற்பந்து என்றால் பேராக் குழுதான். செலாடாங், அதாவது காட்டெருது, அதன் பட்டப்பெயர். ஈப்போ அரங்கில் ஆட்டம் இருந்தபோதெல்லாம் சாயங்காலமே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும்.

குழுவின் கதையைச் சொல்ல வந்தவன் கப்பல் கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் ‘எச்.எம்.எஸ். மலாயா’ என்றொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல். அதற்குப் பணம் கட்டியவை பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் மாநிலங்கள். பணம் ஏது? ஈயமும் ரப்பரும்தான். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம்; நம் தாத்தா பாட்டிகள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று வெட்டிய ரப்பர் பால். 1921இல் அந்தக் கப்பல் இங்கே வந்தது. மாலுமிகள் உள்ளூர்க்காரர்களோடு பந்து ஆடினார்கள், உபசாரத்துக்கு நன்றியாக ஒரு கிண்ணம் தந்தார்கள். அதுதான் மலாயா கிண்ணம். நம் காசில் கட்டிய கப்பல் நமக்கே பரிசு தந்ததாம்! சிரிப்பதா, கோபப்படுவதா, நீங்களே சொல்லுங்கள்.

பேராக் அந்தக் கிண்ணத்தை 1926, 1931, 1957இல் வென்றது. 1967இல் அது மலேசியக் கிண்ணமானபோது புதுக் கிண்ணத்தை முதலில் தூக்கியதும் நாம்தான். 1970இல் வென்ற பிறகு 28 ஆண்டு காத்திருந்து, 1998இல் மறுபடி கைக்கு வந்தது. 2000இல் இன்னொரு முறை.

2002, 2003இல் லீக் பட்டமும் வந்த சமயம், நான் தமிழ்ப்பள்ளிப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவனும் கோல் காக்க மாட்டேன் என்பான். எல்லாருக்கும் பேராக் ஆட்டக்காரர் வி. சரவணன் மாதிரி ஓரத்தில் பறக்க வேண்டும். கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பு வாளியைத் தட்டிவிட்டுச் சண்டை! கடைசியில் கால்சட்டை எல்லாம் வெள்ளையாக, நான்தான் கோல் கம்பத்தில் நின்றேன்.

நேரம் நெருங்குகிறது. 2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்: முடியும் தறுவாயில் பிரெண்டன் கான் அடித்த கோல், மூன்றுக்கு மூன்று, பிறகு பினால்டியில் திரங்கானு காலி. அப்படிப்பட்ட குழு 2025இல் பணமுடையால் சூப்பர் லீக்கை விட்டே விலகியது. சீக்கிரம் திரும்பி வரட்டும். வரும்போது உங்கள் வட்டாரத் தோட்டத்துப் பையன் ஒருவனாவது அந்தச் சட்டையைப் போட்டிருக்கட்டும்.