கூடி வாங்கினால் கோடி நன்மை
(ஆலயத் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நாளில் அன்னதானப் பந்தியில் அமரும் அன்பர், இலையில் இடப்படும் சோற்றையும் சாம்பாரையும் இறைவனின் பிரசாதமாகவே ஏற்றுக்கொள்கிறார். அந்தச் சோறு மடைப்பள்ளிக்கு வந்து சேர்ந்த வழியையும் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். ஒருவர் அரிசிக்கென்று பணம் தருகிறார். மற்றொருவர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் தருகிறார். வேறொருவர் தம்மால் இயன்ற ஐந்து வெள்ளியை உபயமாக அளிக்கிறார். சேர்ந்த தொகையைக் கொண்டு குழுவினர் மொத்த விற்பனைக் கடைக்குச் சென்று மூட்டை மூட்டையாக வாங்கி வருகின்றனர். அதே பொருளைச் சில்லறைக் கடையில் கிலோ கிலோவாக வாங்கியிருந்தால், அதே தொகையில் இத்தனை பேருக்கு உணவிட இயலாது.

திருவிழா முடிந்த மறுநாள், அந்த ஐந்து வெள்ளியை அளித்த அன்பரே தம் வீட்டிற்கென அரைக் கிலோ பருப்பைக் கூடுதல் விலைக்கு வாங்கிச் செல்கிறார். கோயிலுக்காகக் கூடி வாங்கத் தெரிந்த சமூகம், தன் குடும்பங்களுக்காக ஏன் கூடி வாங்குவதில்லை என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

கடையின் பெயரால் ஓர் ஊர்

ஸ்கூடாயிலிருந்து கெலாங் பாத்தாவிற்கு வரும் வழியில் லீமா கெடாய் என்னும் ஊர் உள்ளது. மலாய் மொழியில் அதற்கு ஐந்து கடைகள் என்பது பொருள். கடைகளின் எண்ணிக்கையே ஊர்ப்பெயராக நிற்பதிலிருந்து, ஒரு காலத்தில் இப்பகுதி மக்களின் வாழ்க்கையில் கடை பெற்றிருந்த இடத்தை உணரலாம். கெலாங் பாத்தா என்பதற்கோ உடைந்த வளையல் என்று பொருள். அப்பெயர் எவ்வாறு வந்திருப்பினும், கடைப் பாக்கியைத் தீர்ப்பதற்காகக் கையிலிருந்த வளையலை அடகுக் கடைக்கு அனுப்பிய தாய்மார்களின் நினைவை அது எழுப்பாமல் இருப்பதில்லை.

இரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த இந்த வட்டாரம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அருகில் உள்ள புக்கிட் இண்டா போன்ற புறநகர்களில் பேரங்காடிகள் எழுந்தன. சிங்கப்பூரிலிருந்து வார இறுதியில் வருவோர் வண்டி நிறையப் பொருள்களை ஏற்றிச் செல்லும் காட்சி இன்று வழக்கமாகிவிட்டது. எனினும் அதே அங்காடியில், தள்ளுவண்டியின் அடிப்பகுதி மட்டுமே மறையும் அளவிற்குச் சிறு பொட்டலங்களை வாங்கிச் செல்லும் குடும்பங்களும் உள்ளன. மலிவு விலைப் பலகை இருவர் கண்ணிலும் படுகிறது. மலிவு ஒருவரை மட்டுமே சென்றடைகிறது.

மலிவு யாருக்கு?

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இதில் வரும் விலைகள் கணக்கிற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 8 வெள்ளி. 25 கிலோ மூட்டையாக எடுத்தால் 160 வெள்ளி எனக் கொள்க. மூட்டையாக எடுப்பவருக்கு ஒரு கிலோ 6 வெள்ளி 40 காசாகிறது. மாதம் இரண்டரைக் கிலோ பயன்படுத்தும் ஒரு குடும்பம் இந்த ஒரு பொருளில் மட்டும் மாதத்திற்கு 4 வெள்ளியும் ஆண்டிற்கு 48 வெள்ளியும் மிச்சப்படுத்தலாம். அரிசி, எண்ணெய், சீனி, கோதுமை மாவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளின் சீருடைக்கும் காலணிக்கும் வேண்டிய தொகையில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் அந்த மூட்டையை வாங்குவதற்கு 160 வெள்ளி முன்கூட்டியே கையில் இருத்தல் வேண்டும். நாட்கூலியாக வாழ்பவரிடம் அத்தொகை இருப்பதில்லை. இருந்தாலும், பத்து மாதப் பருப்பில் அதனை முடக்கிவிட்டால் மின்சாரக் கட்டணத்திற்கு வழியிராது. ஆகவே, குறைந்த வருமானம் உள்ளவரே கூடுதல் விலை கொடுக்க நேரிடுகிறது. அவர் கணக்குத் தெரியாமல் வாங்குகிறார் என்று குறை கூறுவது பொருந்தாது. அவருக்குக் குறைவாக இருப்பது முதலே.

தோட்டக் கடையும் 555 குறிப்பேடும்

தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர் இந்த நிலையை வேறொரு வடிவில் அனுபவித்தனர். மாதச் சம்பளம் வரும்வரை கடையில் பற்று எழுதிப் பொருள் வாங்கினர். 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் அரிசி, மிளகாய், உப்புக்கருவாடு என ஒவ்வொன்றும் ஏறியது. சம்பள நாளன்று பழைய பாக்கி போக எஞ்சியது சிறிதாகவே இருந்தது. மறுநாளே புதிய பற்று தொடங்கியது. பற்றில் வாங்குபவர் விலை கேட்பதற்கும், எடையைச் சரிபார்ப்பதற்கும், வேறு கடைக்குச் செல்வதற்கும் தயங்கினார்.

கடைக்காரர்கள் எல்லாரையும் இதற்காகப் பழிப்பது நேர்மையாகாது. வங்கியின் வாசலைக் காணாத தொழிலாளியை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். வராத கடனால் தாமே நொடித்துப் போனவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் கடனுக்கு வாங்கும் பொருளின் விலையில் கடனின் விலையும் கலந்தே இருக்கும் என்பது வணிகத்தின் இயல்பு.

சம்பளத்திற்கும் கடைக்கும் இருந்த இந்தப் பிணைப்பின் தீங்கைச் சட்டமும் உணர்ந்திருந்தது. 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலை வாய்ப்புச் சட்டம், தொழிலாளி தம் சம்பளத்தை இன்ன இடத்தில், இன்னாரிடம்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதித்தால் அந்நிபந்தனை செல்லாது என்று கூறியது. மதுக்கடைகளிலும், சில்லறைப் பொருள் விற்கும் கடைகளிலும், அங்கேயே பணிபுரிவோர்க்கு அன்றி, சம்பளம் வழங்கப்படுவதையும் தடை செய்தது. சட்டம் தொழிலாளிக்குக் கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய கைப்பணத்தை எந்தச் சட்டமும் கொடுக்க இயலாது. அதனை மக்களே தம்முள் கூடித் தேடிக்கொள்ள வேண்டியவர்களாயினர்.

ரோச்டேல் முதல் திருவல்லிக்கேணி வரை

அவ்வாறு தேடிக்கொண்டவர்களின் வரலாறு உலகில் உண்டு. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக இருபத்தெண்மர் சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுனை முதலாகக் கொண்டு 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடையைத் திறந்தனர். அன்று அக்கடையில் இருந்தவை வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவை மட்டுமே. கலப்படம் இல்லாத பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவிற்கேற்ப இலாபப் பங்கு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்பன அவர்கள் வகுத்த நெறிகள். உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் இந்நெறிகளைத் தம் அடிப்படையாகக் கொண்டுள்ளன.

அதே வழியில் 1904ஆம் ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்கள் நல்ல அரிசியையும் பருப்பையும் நியாயமான விலையில் பெறுவதற்கு அச்சங்கம் வழி செய்தது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அது சென்னையில் செயற்பட்டு வருகிறது.

அந்தச் சாஸ்திரியாருக்கும் மலாயாத் தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் இந்நாட்டிற்கு வந்து, தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1937ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தவர் அவரே. கூலியின் மதிப்பு காசில் மட்டும் இல்லை, அக்காசு கடையில் எவ்வளவு அரிசியாக மாறுகிறது என்பதிலும் இருக்கிறது என்பதை, மளிகைச் சங்கம் நடத்திப் பழகிய ஒருவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது.

இந்நாட்டில் காட்டப்பட்ட வழி

மலாயாவில் கூட்டுறவு இயக்கம் 1922ஆம் ஆண்டில் அரசின் ஆதரவோடு தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை மாதம் பதிவு பெற்ற அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன, கடன் சங்கமே இங்கு முதலாவது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த வேளையில், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைப் பெற்ற தொழிலாளர்கள், தாம் பால் வெட்டிய தோட்டங்களுக்கே உரிமையாளராயினர். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிய சமூகத்திற்கு ஒரு மூட்டைப் பருப்பை வாங்குவது அரிய செயலாகுமோ?

செய்ய வேண்டியவை

அண்டை அயலில் வாழும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் போதும். மேலே கண்ட கணக்கின்படி, குடும்பத்திற்கு 16 வெள்ளி வீதம் பத்துக் குடும்பங்கள் அளித்தால் மூட்டையின் விலையான 160 வெள்ளி கிடைத்துவிடுகிறது. அவரவர் பங்கான இரண்டரைக் கிலோ பருப்பும் ஒரு மாதத்தில் செலவாகிவிடுகிறது. எவர் பணமும் முடங்குவதில்லை. ரோச்டேல் மக்களைப் போலவே முதலில் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, மாவு என ஐந்து பொருள்களோடு நிறுத்திக்கொள்வது நன்று.

பணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். கடனுக்கு இடமளித்தல் கூடாது. இருவர் சென்று வாங்கி வர வேண்டும். அனைவர் முன்னிலையிலும் எடை போட்டுப் பிரிக்க வேண்டும். கடை இரசீதை எல்லாரும் காணுமாறு வைக்க வேண்டும். உறவினரானாலும் கணக்கில் விட்டுக்கொடுத்தல் ஆகாது. கூட்டு முயற்சிகள் பல, பொருளின் விலையால் அன்றிக் கணக்கின் குழப்பத்தாலேயே கலைந்து போயின.

சட்டத்தையும் மனத்திற் கொள்ள வேண்டும். சீட்டுப் பிடிக்கும் தொழிலை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் விலக்கியுள்ளது. அச்சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருப்பது எண்ணத் தக்கது. ஆகவே மாதந்தோறும் வாங்கிய பொருளோடு கணக்கை முடித்துவிட வேண்டும். பணத்தைச் சேர்த்துச் சுழற்றுதல் கூடாது. முயற்சி வளர்ந்து கடையாக விரியுமானால், 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வதற்கு மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையத்தை நாடலாம்.

பெரிய பொட்டலம் எல்லாம் மலிவு என்று கருதிவிடவும் கூடாது. விலையை எடையால் வகுத்து, ஒரு கிலோவிற்கு என்ன விலை என்று காண வேண்டும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் அறிவிப்பு, தேவையற்ற மூன்றைத் தலையில் கட்டுவதாகவும் இருக்கலாம். ஜொகூரின் ஈரக் காற்றில் அரிசியில் வண்டு விழும். நிலக்கடலையில் பூஞ்சை படரும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மசாலைத் தூள் மணம் இழக்கும். காற்றுப் புகாத கலத்தில் வைத்து, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் அடுக்கிப் பயன்படுத்த வேண்டும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சை கண்ட கடலையையும் பருப்பையும் கழுவிப் பயன்படுத்த முயலாமல் எறிந்துவிட வேண்டும். கெட்டுப்போகும் அளவிற்கு வாங்கியது எந்த விலைக்குக் கிடைத்திருந்தாலும் மலிவாகாது.

அன்பர்களே! சிறுசேமிப்பு ஒரு குடும்பத்தைச் செல்வந்தராக்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் மாத இறுதியில் எவர் முன்பும் தலைகுனியாமல் கடைக்குள் நுழையவும், விலை கேட்கவும், வேண்டாம் என்று சொல்லித் திரும்பவும் அது துணிவு தரும். அத்துணிவு இல்லாமையால் முன்னோர் இழந்தவை பல.

திருவிழாவில் தேர் வடத்தைத் தனியொருவர் இழுப்பதில்லை. அதனை ஒருவர் கையில் ஒப்படைப்பதும் இல்லை. ஊர் கூடி இழுக்கிறது. இறைவனின் அன்னதானத்திற்காக ஒன்று சேரும் கைகள், அயல்வீட்டுப் பிள்ளையின் அன்னத்திற்காகவும் ஒன்று சேர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.