கலாசாலையில் சரித்திரப் படிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலாசாலையிற் சேரும் பிள்ளை சரித்திரத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்பினால், "மாண்ட மன்னர்களின் பெயரைப் படித்து என்ன பயன்?" என்று நம் இல்லங்களிற் கேட்கின்றோம். அதற்கு விடை கூறவே முன்வந்தேன்.

சரித்திரம் ஆண்டுகளை மனனம் செய்யும் கல்வியன்று. சான்றைத் தேடி, சோதித்து, அதற்கு மிஞ்சாமற் பேசும் பயிற்சியாம். ஓர் உதாரணம் கூறுவேன். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. 30 குடும்புகள் எனும் ஊர்ப் பகுதிகளில் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறை அவற்றால் விளங்குகின்றது. "அன்றே அனைவர்க்கும் வாக்குரிமை இருந்தது" என நாம் மேடைகளில் முழங்குகின்றோம். சரித்திர மாணாக்கனோ சாசனம் முழுவதையும் படிப்பான். அது பிராமணர் ஊரின் சபை விதி என்பதையும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன என்பதையும் அறிவான். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய நேர்மையைக் கண்டு போற்றவும் செய்வான்.

குறையையும் நிறையையும் ஒருங்கே காணும் இக்கண் நியாயவாதிக்கும், பத்திரிகாசிரியருக்கும், நிர்வாகிக்கும் இன்றியமையாதது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் சரித்திரம் பொதுப் பாடங்களுள் ஒன்று. தொல்பொருள் ஆராய்ச்சி, சாசன வாசிப்பு, எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகம் போன்றவற்றின் பணி ஆகியவற்றுக்கும் இக்கல்வியே வாயில். ஊதியம் பெருகுந் துறைகள் வேறு பல உண்டு. அதனை யான் மறைக்கவில்லை. எனினும், விருப்பமுள்ள பிள்ளையைத் தடுத்து வேறு வழியிற் செலுத்துவது நன்றன்று.

இறுதியாக, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குலத்தின் பூர்விகப் பெருமையை இம்மேடையில் ஆண்டுதோறும் பேசுகின்றோம். நாளை நம் வீட்டுப் பிள்ளையே எழுந்து, "இதற்குச் சான்று யாது?" என வினவினால் சினம் கொள்ளலாமா? சான்றுள்ள பெருமை அவ்வினாவால் உறுதிப்படும். சான்றற்றது நீங்குவதால் நமக்கு நஷ்டமில்லை. ஆதலின், பெட்டிகளிற் செல்லரிக்கும் பழைய ஓலைகளையும் கிரயப் பத்திரங்களையும் அழியாமற் காத்து, அவற்றைப் படிக்கவல்ல பிள்ளைகளையும் உருவாக்குவோமாக.