கிணற்றடியிற் பௌதிகம்



பௌதிகம் என்றவுடன் கண்ணாடிக் குழாயும் தராசும் நிறைந்த ஆய்வுகூடமே பலருக்கு நினைவில் வரும். அங்கே மாணவர் செய்யும் எளிய பரிசோதனை ஒன்றைக் கொண்டு, யாழ்ப்பாணத்துக் கிணறுகள் ஏன் உவராகின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

யூ வடிவக் குழாயொன்றில் நீரை விட்டு, ஒரு புயத்தில் மண்ணெண்ணெயை ஊற்றுங்கள். இரண்டும் சந்திக்கும் மட்டத்திலிருந்து அளந்தால், 10 சதமமீற்றர் எண்ணெயை மற்றப் புயத்திலே ஏறக்குறைய 8 சதமமீற்றர் நீர் சமன்செய்து நிற்கும். ஒரே மட்டத்தில் அமுக்கம் சமமாயிருத்தல் வேண்டும். அதற்காக அடர்த்தி குறைந்த திரவம் உயர்ந்து நிற்கிறது. அவ்வளவுதான் விதி.

இனி எங்கள் நிலத்துக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. ஆகவே 40 அடிக் கடல்நீரைச் சமன்செய்ய 41 அடி நன்னீர் வேண்டும். அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 அடிக்கு நன்னீர் உண்டு. ஒல்லாந்தரான பாடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதனை எழுதிவைத்தனர். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நீங்கள் அறிந்ததே. இராமபிரானின் அம்பு பட்ட இடம் என்பது ஐதிகம். ஐதிகத்தோடு எனக்குப் பிணக்கில்லை. நீர் இரண்டு அடுக்காக நிற்பதற்கு மாத்திரம் அடர்த்தியே காரணம்.

இந்தக் கணக்கு மறுபுறமும் செல்லும். நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழும். ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்திலே, ஆட்கள் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இயந்திரம் களைப்பதில்லை. அது உறிஞ்சுமிடத்தில் நீர்மட்டம் புனல்போலக் குழிய, நேர்கீழே உவர்நீர் கூம்பாக எழும்புகிறது. துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. துலாவைப் புகழ்ந்து பேசுவோரிற் பலர் அதனை மிதித்தறியாதவர்கள்.

நீர் உவர்த்தால் கிணற்றை இன்னும் ஆழமாக்கு என்பார் இன்றும் உளர். கரையோரத்தில் இதனினும் பிழையான யோசனை வேறில்லை. நன்னீர் மேலே நிற்க, நாம் உவரைத் தேடிக் கீழே போகிறோம்! ஆழம் குறைந்த கிணற்றிலே சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைப்பதே முறை. வளவுக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் அளவுமிஞ்சி இறைத்தால், அயலவர் கிணறும் உவர்க்கும்.

ஊர்க்குளங்கள் மாரிநீரைத் தேக்கி நிலத்துள் இறக்குகின்றன. அதனால் நிலத்தடி நீர்மட்டம் 1 அங்குலம் உயர்ந்து நிலைத்தால், கீழே உவர் 40 அங்குலம் தாழும். இங்கே அதே கணக்கு எங்கள் பக்கம் நிற்கிறது. எங்கள் குளமோ தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதனைத் தூர்வார வேண்டும். வேலைக்கு வரக்கூடிய இளைஞர்களும், மண்வெட்டி தந்துதவக்கூடிய பெரியோர்களும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.