சம்மதம் யாருடையது?



மருத்துவப் பாடநூல்களில் செங்கல்பட்டுக்கு ஓர் இடம் உண்டு. பி.சி.ஜி. ஊசி காசநோயை எந்த அளவுக்குத் தடுக்கும் என்று அறிய, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் ஆய்வு தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போட்டதில் மருந்தே இல்லை. பெரியவர்களின் நுரையீரலை அந்த ஊசி காக்கவில்லை என்ற உண்மையை உலகுக்குத் தந்தவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். மனிதர்கள் மீதான ஆய்வுக்கு நெறி வகுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கொள்கை அறிக்கை வெளியிட்டதோ 1980-இல்தான்.

இன்று ஆய்வாளர் ஊசியோடு வருவதில்லை, செயலியோடு வருகிறார்.

செங்கல்பட்டு மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டிருக்கின்றன. அப்படியொரு குடும்பத்தின் கைபேசிப் பழக்கத்தை ஆராயப் போகிறவர், முன்பணம் கொடுத்த முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனால், அங்கே கிடைக்கும் ‘சரிங்க’ சம்மதமே அல்ல. வீட்டுக்கு ஒரே போன். கணவர், மனைவி, பள்ளிப்பிள்ளை எல்லோருக்கும் அதுதான். இருப்பிடத்தைப் பதியும் செயலியை அதில் போட்டால், உடன்பட்டவர் ஒருவர், கண்காணிக்கப்படுகிறவர்கள் மூவர். அந்தப் பதிவு மேஸ்திரி கைக்குப் போனால் ஆய்வாளருக்கு ஒன்றும் ஆகாது. தப்பி வந்த குடும்பம் மறுபடி சூளைக்கே இழுத்துப் போகப்படலாம்.

இவர்களுக்குச் சொன்னால் புரியாது என்பது வெறும் சாக்கு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி, பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு தருகிறவர்கள் இருளர்கள். நிதானமாகச் சொன்னால், ஆய்வாளர் யோசிக்காத கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே விரல் மழுங்கியவரிடம் போய், சம்மதத்துக்குக் கட்டைவிரல் ரேகை கேட்கும் படிவம் யாரை நினைத்து எழுதப்பட்டது?

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு ஆய்வுக்காக எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி போட்டபோது, பல படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். நாடாளுமன்றக் குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. சட்டம் விலக்கு தந்தாலும் கடமை விலகாது.

பட்டதாரிகளே, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அதன் முடிவை ஆய்வு நடந்த குடியிருப்புக்குப் போய்த் தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரின் பதிவை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.