ஆபிரகாம் வீட்டு விருந்து

ஆபிரகாம் வானவர்களுக்கு விருந்து வைக்கும் காட்சியை ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1656இல் செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்சிட்டார். ஐரோப்பாவின் பரோக் காலத்துப் படம் அது. பள்ளி நோட்டுப் பக்கத்தைவிடச் சிறியது.

கதை பைபிளில் ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. வெயில் ஏறிய வேளையில் வழிப்போக்கர் மூவர் வந்து நிற்கின்றனர். ஆபிரகாம் ஓடிப்போய் எதிர்கொண்டு, கால் கழுவத் தண்ணீர் தந்து, மரத்தடியில் உணவு பரிமாறுகிறார். முதியவளான சாராளுக்கு மகன் பிறப்பான் என்கின்றனர் விருந்தினர். வாசலுக்குப் பின்னால் நின்று கேட்ட சாராள் சிரித்துவிடுகிறாள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தேவாலயம் செல்வோர் ஆபிரகாம் என்று அறிந்தவரே, பள்ளிவாசல் செல்வோருக்கு நபி இப்ராஹிம். ஹஜ்ஜுப் பெருநாள் அவருடைய தியாகத்தை நினைவுகூர்கிறது.

ரெம்பிராண்டின் படத்தில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. விருந்தினர் தரையில் விரிப்பின்மீது அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நீண்ட தாடி வைத்த முதியவர். ஆபிரகாம் கையில் கூஜாவுடன் பணிந்து நிற்கிறார். சாராள் கதவோரம். ஆபிரகாமின் மூத்த மகனான சிறுவன் இஸ்மவேல் முதுகைக் காட்டியபடி வில்லை வளைக்கிறான். விருந்தில் அவன் மனம் இல்லை. படத்துக்கு உயிர் தருபவன் அவன்தான்.

தரையில் அமரும் இந்த முறை இந்தியாவிலிருந்து சென்றது. ஹாலந்தை விட்டு வெளியே போகாத ரெம்பிராண்ட், முகலாய அரசவை ஓவியங்கள் இருபதுக்கு மேற்பட்டவற்றைப் பார்த்து வரைந்தார். மரத்தடியில் தாடிப் பெரியவர் நால்வர் அமர்ந்திருப்பது அவற்றுள் ஒன்று. முகலாயரின் பளபளக்கும் வண்ணங்களை விட்டுவிட்டு, பழுப்பு மையில் அமர்வையும் மடிப்புகளையும் மட்டும் பிடித்தார். அந்த அமர்வே ஆபிரகாமின் வாசலுக்கு வந்தது. பைபிள் மாந்தர் கீழைநாட்டவர் என்பதை உணர்ந்து, கீழைநாட்டு ஓவியரிடமே பாடம் கேட்டது பெரிய மனம்.

இந்திய ஓவியங்கள் ஆம்ஸ்டர்டாமை அடைய வழி திறந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வணிகம். தமிழகத்தின் பழவேற்காட்டில் துணி வாங்கியதும், பேராக்கில் வெள்ளீயத்துக்காகப் பங்கோர் தீவில் 1670இல் கோட்டை கட்டியதும் அதே கம்பெனி.

ரெம்பிராண்ட் வரைந்த நால்வர் படம் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கு மூலமான முகலாய ஓவியம் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைச் சுவரில், வெட்டி ஒட்டிய மற்ற முகலாய ஓவியங்களுக்கிடையே பதிக்கப்பட்டிருக்கிறது.