எரியாத சிவப்பு விளக்கு



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். பழைய ஜீப் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மீட்டர் போர்டில் இருக்கும் சின்னஞ்சிறு சிவப்பு விளக்குகள்.

சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லையா? பல்பு போயிருக்கலாம். அப்புறம் ஆயில் அழுத்தம் குறைந்தாலும் எச்சரிக்க ஆள் இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. அந்த பல்பு போனால் சார்ஜ் ஏறுவதே நின்றுவிடலாம்.

மாற்றுவது எளிது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டருக்குப் பின்னாலிருந்து ஹோல்டரை வெளியே எடுங்கள். போன பல்பில் கண்ணாடி கறுத்திருக்கும், அல்லது உள்ளே இழை அறுந்திருக்கும். அதே வோல்ட், அதே வாட் பல்பைப் போடுங்கள். புதிதும் எரியாவிட்டால் ஃப்யூஸையும் வயரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கல்வராயன் மலைக்கு ஏறும் முன் ஒரு முறை சாவியைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சிவப்பு விளக்குகள் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைந்தால், தைரியமாக மலை ஏறுங்கள்.