நாற்பது வயதில் தொழில் மாற்றிய நடிகை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதக் கூட்டத்திலே சில அக்காமார் கேட்டீங்க, "நாற்பது வயசுக்கு மேல புதுசா ஒரு தொழில் கத்துக்க முடியுமா, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்று. அதற்காக அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம்.

ஆண்ட்ரியா தாம்சன் என்று ஒரு டி.வி. நடிகை. 1960இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். நம்ம வீடுகளில் சீரியல் பார்க்கிற மாதிரி, அங்கே 'என்.ஒய்.பி.டி. புளூ' என்ற போலீஸ் தொடரை அப்போது வாரம் தவறாமல் பார்த்தார்கள். அதில் இவர் துப்பறியும் போலீஸ் அதிகாரி. நல்ல பெயர், நல்ல வருமானம். 2000ஆம் ஆண்டில், சரியாக நாற்பது வயதில், அதை விட்டுவிட்டார். செய்தியாளர் ஆகப்போகிறேன் என்றார்.

முதலில் போனது பெரிய சேனலுக்கு இல்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்கிற ஊர், அங்கே உள்ளூர் டி.வி. நிலையத்தில் நிருபர் வேலை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்க. நடிக்கும்போது வசனத்தை வேறொருவர் எழுதித் தருவார். தப்பாகச் சொன்னால் மறுபடி எடுப்பார்கள். நிருபருக்கு அப்படி இல்லை. தானே போய் நாலு பேரிடம் கேட்கணும், இரண்டு பக்கத்தையும் விசாரிக்கணும், சொன்னது உண்மைதானா என்று பார்க்கணும். தப்பாகச் சொன்னால் ஒருத்தர் மானம் போய்விடும். நம்ம குழுவில் பதிவேடு எழுதுகிறவங்களுக்கு இந்தப் பொறுப்பு புரியும்.

ஒரு வருஷம் போல அங்கே இருந்தார். 2001இல் சி.என்.என். நிறுவனத்தின் 'ஹெட்லைன் நியூஸ்' சேனல் செய்தி வாசிக்க அவரை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் பேச்சு கிளம்பியது. கல்லூரிப் பட்டம் இல்லை, பத்திரிகைத் தொழில் படிக்கவில்லை, முகத்தைப் பார்த்து வேலை கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அத்தோடு நிற்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஆடையில்லாமல் எடுக்கப்பட்ட அவருடைய படங்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் பரப்பினார்கள்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. வேலை தெரியுமா என்று கேட்பது நியாயம். செய்தியை நம்பித்தானே ஜனங்க முடிவு எடுக்கிறாங்க? வருஷக்கணக்கில் களத்தில் அலைந்த நிருபர்கள் காத்திருக்கும்போது, ஒரு வருஷ அனுபவக்காரருக்கு அந்த நாற்காலி என்றால் அவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பழைய படத்துக்கும் இன்றைக்குப் படிக்கிற செய்திக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பொம்பளை புதுசா ஒரு இடத்துக்கு வந்தால் அவள் வேலையைப் பார்க்காமல் பழசைக் கிளறுவது எல்லா ஊரிலும் இருக்குது போல! குழுத் தலைவியாகி முதல் தடவை பேங்குக்குப் போனவங்க சிலருக்கு இது நல்லாவே தெரியும்.

படங்கள் வெளியான பிறகும் ஆண்ட்ரியா செய்தி வாசிக்கத்தான் செய்தார். ஆனால் அந்த வேலை நீடிக்கவில்லை. 2002இல் அந்த சேனலை விட்டு விலகினார். பிறகு நடிப்புக்கே திரும்பினார். '24' என்ற தொடரின் மூன்றாவது பருவத்தில், ஒரு கொடிய கிருமி பரவாமல் தடுக்கப் பாடுபடுகிற டாக்டராக வந்தார்.

"அப்போ அவர் தோற்றுட்டார்தானே?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. எங்களுக்கு அப்படித் தோணலை அக்கா. போனார், உள்ளூரில் கற்றார், நாடு பார்க்கச் செய்தி வாசித்தார், பழைய தொழில் கையில் இருந்தது, திரும்பி வந்தார். உங்க குழுக்களில் இதை வைத்துப் பேசுங்க. வேற மாதிரி நினைக்கிறவங்க அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்க, கேட்கிறோம்.